நம்ம ஆளு பொங்கினப்போ

அது எக்ஸ்ரே கவர்தானேம்மா? மடியில வெச்சிருந்தா வளைஞ்சு போயிடும். இப்படிக் கொடுங்க, என் பை மேல படுக்கப் போட்டுடறேன். ம். இனி கோயம்புத்தூர் வரைக்கும் கவலையில்ல.

வீட்டுக்காரருக்கா? நெஞ்சு எக்ஸ்ரேயா? சரி, சரி. நல்லபடியாத்தான் இருக்கும். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாலும் அதை அப்படியே கொண்டுபோய் அவர்கிட்ட கொட்டிடாதீங்க. முடியாதவங்களுக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு கூட இருந்து பார்க்கறவங்களுக்குத்தான் தெரியும். நான் அனுபவிச்சவன், அதான் சொல்றேன்.

என் மனைவியும் எக்ஸ்ரேதான். இல்லம்மா, படம் எடுக்கறவ இல்ல. எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. எங்க கல்யாணத்துல என் சித்தப்பா ஒருத்தர், பொண்ணு எக்ஸ்ரேல டாக்டர் பட்டம் வாங்கினவன்னு கேள்விப்பட்டு, பந்தியில முழங்காலைத் தூக்கிக் காட்டி, மழை வந்தா வலிக்குதே என்னம்மான்னு கேட்டாரு. அவ சிரிக்கல. ஒத்தடம் கொடுங்க மாமான்னு சொன்னா. அப்புறம் உள்ள வந்துதான் சிரிச்சா. சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சா.

ஆவுடையம்மாள்னு பேரு. நாங்க ரெண்டு பேருமே சங்கரன்கோவில்காரங்க. பெங்களூர்ல வானத்தை ஆராய்ச்சி பண்ற இடத்துல இருந்தா. டாக்டர் ஆவுடைன்னா வெளிநாட்டுல கூடத் தெரியும். நான் டெலிபோன்ஸ்ல இருந்தேன். லைன் வரல, லைன் வரலன்னு வந்து நிக்கறவங்களுக்கு லைன் கொடுக்கற வேலை. என் சர்வீஸ்ல ஒருத்தருக்கும் போன் கால் போகலைங்கற புகார் ஒரு வாரத்துக்கு மேல நின்னது கிடையாது. நல்ல பேரோடதான் ரிட்டையர் ஆனேன்.

எக்ஸ்ரேன்னா மெஷின்லருந்து மட்டும் வர்றது இல்லம்மா. வானத்துலருந்தும் வருது. நம்ம மேல படாம காத்து தடுத்துடுது. தடுக்கலைன்னா நீங்களும் நானும் இந்த ரயில்ல உக்காந்திருக்க முடியாது. அதனால அதைப் பார்க்கணும்னா காத்துக்கு மேல போயிடணும். செயற்கைக்கோள்ல கருவியை வெச்சு மேல அனுப்பி, அது பார்த்துச் சொல்றதை இவங்க கீழ உக்காந்து படிப்பாங்க.

ஆவுடை பார்த்தது ஒரே ஒரு கேலக்ஸியை. நம்ம சூரியன் மாதிரி கோடி கோடியா நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். அதுக்கு நடுவுல ஒரு கருந்துளை. கருந்துளை எல்லாத்தையும் முழுங்கிடும்னுதானே கேள்விப்பட்டிருக்கோம்? எல்லாத்தையும் முழுங்காதாம். கொஞ்சத்தை முழுங்கும், கொஞ்சத்தை ரெண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீய்ச்சல் கேலக்ஸியையே தாண்டிப் போகுமாம். ஜெட்னு சொல்வாங்க. இவ பார்த்ததோட ஜெட் நேரா நம்ம பக்கம் பார்த்து இருக்கு. அதுலருந்துதான் எக்ஸ்ரே வருது. பேரு கிடையாது, நம்பர்தான். நாங்க வீட்டுல "நம்ம ஆளு"ன்னு சொல்வோம். சாப்பிட உக்காந்தா, நம்ம ஆளு என்ன சொல்றான்னு நான் கேப்பேன். இன்னிக்கு சும்மா இருக்கான்னு அவ சொல்லுவா. எங்களுக்குக் குழந்தை இல்ல. அப்படி ஒரு பேச்சு இருந்தது.

அவன் பெரும்பாலும் சும்மாதான் இருப்பான். ஆனா எப்பவாவது பொங்குவான். வருஷக்கணக்கா அடங்கிக் கிடந்துட்டு, திடீர்னு ஒரு மணி நேரத்துல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வெளிச்சம். அப்புறம் ரெண்டு மூணு நாள்ல இறங்கிடுவான். அதுல என்ன விசேஷம்னு ஒருநாள் கேட்டேன். ஒரு மைதானம் பூரா ஆள் நின்னு ஒண்ணா கை தட்டினாலும், தூரத்துல நிக்கறவன் காதுக்கு அது இழுத்து இழுத்துத்தான் வந்து சேரும். டப்புனு ஒரே தட்டாக் கேட்டா, அது ஒரு சின்ன இடத்துலருந்து வருதுன்னு அர்த்தம். அவ்வளவு பெரிய கேலக்ஸி, இவ்வளவு சீக்கிரம் கூடிக் குறையுதுன்னா, இந்த வெளிச்சம் உள்ள ஏதோ ஒரு சின்ன மூலையிலருந்துதான் கிளம்புது. அந்த மூலையில என்ன நடக்குதுங்க, அதுதான் எனக்குத் தெரியணும்னு சொன்னா. சாம்பார்க் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னா.

அதுக்கு அவளுக்கு ஆரம்பம் வேணும். பொங்க ஆரம்பிக்கறப்போ எது முதல்ல ஏறுது, பலமான எக்ஸ்ரேயா, லேசான எக்ஸ்ரேயா, இல்ல புற ஊதா வெளிச்சமா? அந்த வரிசை தெரிஞ்சா உள்ள நடக்கறது தெரிஞ்சுடுமாம். பாதியில போய்ப் பார்த்தா எல்லாமே ஏறித்தான் இருக்கும், யார் முன்னாடி யார் பின்னாடின்னு சொல்ல முடியாது. அதனால அவ முன்கூட்டியே அனுமதி வாங்கி வெச்சிருந்தா. நம்ம ஆளு பொங்கினான்னா, மத்த வேலையை எல்லாம் நிறுத்திட்டு நம்ம நாட்டு செயற்கைக்கோளை அவன் பக்கம் திருப்பணும். ஆனா திருப்புங்கன்னு அவ வாயால சொல்லணும். அனுமதி அவ பேர்ல. உலகத்துல எங்கயாவது ஒரு தொலைநோக்கி அவன் பொங்கறதைக் கண்டுபிடிச்சா, இவ போனுக்குத் தகவல் வரும். அதுக்குன்னு தனியா ஒரு மணிச் சத்தம் வெச்சிருந்தா. அது வந்ததே இல்ல. வருஷக்கணக்கா வந்ததே இல்ல. நசீமா மட்டும் சும்மா சோதிச்சுப் பார்க்க அடிச்சுக் காட்டுவா.

நசீமா யாருன்னு சொல்லலையே. இவகிட்ட படிச்ச பொண்ணு. வாணியம்பாடி. படிப்பு முடிஞ்சு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டா. கெட்டிக்காரிதான், நான் இல்லைன்னு சொல்லல. எனக்கு அவ மேல ஒரு வருத்தம் இருக்கு. இப்போ அவளைப் பார்க்கத்தான் போறேன். வர்றேன் அதுக்கு.

போன வருஷம் ஆவுடைக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ணினாங்க, அப்புறம் கீமோ ஊசி. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, பரவிட்டுது, காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்னு சொன்னாரு. நான் வெளிய வந்து ஆவுடைகிட்ட, ஊசி முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாரும்மான்னேன். அவ சரின்னா. பாருங்க, எவ்வளவு தைரியம் வந்துது அவளுக்கு!

நான் பார்த்துக்கிட்ட மாதிரி ஒரு ஆம்பளை பார்த்திருக்க மாட்டான்மா. அடுப்பு பக்கம் போகாதவன், ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். சாதத்தைக் குழைச்சு, வடிகட்டி, ஆத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் கொடுப்பேன். அவ என்ன பண்ணினா? ரெண்டாவது ஊசி போட்ட வாரம், என் கண்ணுல படாம எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா. நாற்காலியோட சரிஞ்சு கீழ விழுந்து கிடந்தா. நான்தான் தூக்கினேன். எடையே இல்ல. தலையில முடி இல்லாம, கண்ணை மூடிக்கிட்டு... எனக்கு அன்னிக்கு உயிரே போயிடுச்சு. கண்ணைத் திறந்ததும் அவ சொன்னது, அந்த ஃபைலை மூடாம விட்டுட்டேங்க. டாக்டர் ரொம்பக் கோபப்பட்டாரு. ரத்த அணுவெல்லாம் குறைஞ்சு கிடக்கு, அலட்டிக்கவே கூடாதுன்னாரு. அன்னிலருந்து கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிட்டேன். அவ போனையும் நான் வாங்கி என் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். முக்கியமா ஏதாவது வந்தா சொல்றேன்னு சொன்னேன். அவளும் நம்பிக் கொடுத்தா.

மழை பிடிச்சிருந்த சமயம். மத்தியானச் சாப்பாடு ஆச்சு. அவ படுத்திருந்தா. நான் ஹால்ல துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், என் பையில அந்த மணி அடிக்குது.

எனக்கு உடனே தெரிஞ்சுடுச்சு. தெரியாம இல்ல. சட்டுனு அமுக்கிட்டேன். எட்டிப் பார்த்தேன், கண்ணை மூடித்தான் படுத்திருந்தா. கொஞ்ச நேரத்துல நசீமா கூப்பிடறா. மூச்சு வாங்குது அவளுக்கு.

"சார், மேம்கிட்ட கொடுங்க. பொங்கிடுச்சு சார்!"

"தூங்கறாம்மா."

"எழுப்புங்க சார், ப்ளீஸ். ஒரு நிமிஷம் போதும். அவங்க சரின்னு சொன்னா மத்ததை நான் பார்த்துக்கறேன். இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு சார்."

"டாக்டர் அலட்டிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சார், இதுக்குத்தானே சார் மேம் இத்தனை வருஷம்..." அழுதுட்டா. அவ அழுதா நான் என்ன பண்ண முடியும்? எழுப்பிச் சொன்னா இவ படுத்திருப்பாளா? எழுந்து ஓடுவா. கம்ப்யூட்டர் அறையைத் திறங்கன்னு நிப்பா. மறுபடி விழுவா. நான் இன்னொரு தடவை அப்படித் தூக்கணுமா? வெச்சுடும்மான்னு சொல்லிட்டு போனை அணைச்சுட்டேன்.

சாயங்காலம் ஆவுடை கேட்டா, "யார்கிட்டங்க பேசிட்டு இருந்தீங்க?"

"கேஸ்காரன்மா. சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம்."

அன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டா. ரெண்டு! அதுக்கு முன்னாடி அரை இட்லி இறங்காது. நல்லாத் தூங்கினா. நான் பக்கத்துல உக்காந்து அவ மூச்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாம செஞ்சது சரிதான்னு அப்பவே நினைச்சேன்.

அங்க நசீமா பெரியவங்க யார் யார் காலையோ பிடிச்சு, மறுநாள் சாயங்காலம் செயற்கைக்கோளைத் திருப்ப வெச்சுட்டா. அதுக்குள்ள நம்ம ஆளு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிச்சுட்டான். இறங்கறதை எல்லாம் பார்த்திருக்காங்க. ஏறினதைத்தான் பார்க்கல.

அந்த வாரக் கடைசியில நசீமா மாதுளம்பழம் வாங்கிக்கிட்டு வந்தா. வாசல்லயே நிறுத்தி, உள்ள போய் எதையும் உளறாதேன்னு சொன்னேன். தலையை ஆட்டினா. ஆனா உள்ள போய் ஆவுடை முகத்தைப் பார்த்ததும் பொலபொலன்னு அழறா. அப்புறம் ஆவுடைக்குக் கேக்கவா வேணும்? எல்லாத்தையும் வாங்கிட்டா. நான் கதவுகிட்ட நின்னேன். சத்தம் போடுவான்னு நினைச்சேன். போடல. என்னைப் பார்த்து, "எப்பங்க வந்துது?"ன்னு கேட்டா.

"மத்தியானம்."

"நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்பவா?"

"ஆமா."

"நான் முழிச்சுக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னா. நசீமா பழத்தை உரிச்சுக்கிட்டே இருந்தா. ஒருத்தரும் சாப்பிடல.

எனக்கு மனசு கேக்கல. நசீமா கிளம்பிப் போனதுக்கு அப்புறம் ஆவுடை பக்கத்துல உக்காந்து, இதுக்கெல்லாம் வருத்தப்படாதே ஆவுடை, மறுபடி எப்போ பொங்குவான்னு கேட்டேன். "தெரியாதுங்க. அஞ்சு வருஷம் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம்"னா. "அதனால என்ன, அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு சொன்னேன். அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் பார்த்தா. சரி, சமாதானம் ஆயிட்டான்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம்தான்மா அந்தக் கீமோ மருந்து அவகிட்ட வேலையைக் காட்ட ஆரம்பிச்சுது. பேச்சே குறைஞ்சுபோச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. பால் வந்துதா, மாத்திரை எடுங்க, ஜன்னலைச் சாத்துங்க. அவ்வளவுதான். ஒருநாள் சாப்பாட்டுல உக்காந்து, நம்ம ஆளு எப்படி இருக்கான்னு கேட்டேன். "நல்லா இருக்கான். மோரை ஊத்துங்க"ன்னா. டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன், என்னமோ ஆயிட்டா சார், கலகலன்னு இருந்தவன்னு. கீமோவுல சிலருக்கு அப்படி ஆகும்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. வேளை தவறாம கொடுத்தேன். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல.

ஆனா நசீமா வந்தா மட்டும் பேச்சு வரும். ஆவுடை கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கேட்டா, நானும் கொடுத்துட்டேன், எத்தனை நாளைக்குத்தான் பிடிச்சு வெச்சுக்கறது? அந்தப் பொண்ணு ஆபீஸ் முடிஞ்சு நேரா வந்துடும். ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு அந்த இறங்கினதை வெச்சு ஏதோ கணக்குப் போடுவாங்க. சில சமயம் உள்ளருந்து ஆவுடை சிரிக்கற சத்தம் கேக்கும். நான் காபி கொண்டுபோய்க் கதவைத் தட்டினா நின்னுடும். நீங்களே சொல்லுங்கம்மா, கூடவே கிடந்து பார்த்தது நானு. அவளோட கடைசி மாசங்களை எடுத்துக்கிட்டது நசீமா.

தை பிறக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்னு நர்ஸ் வந்து கேட்டிருக்காங்க. நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். ஆவுடை நசீமா நம்பரைச் சொல்லியிருக்கா. மருந்து மயக்கம்மா. இருபது வருஷமா மாறாத நம்பர் என் நம்பர், அது அவளுக்கு ஞாபகம் வரல பாருங்க, பாவம்.

ஒருநாள் காலையில குளிச்சுட்டு வரலாம்னு வீட்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருக்கு. ஆஸ்பத்திரியிலருந்து நசீமாவுக்குத்தான் போன் போயிருக்கு. அவ வீடு கிட்டக்க. ஓடிட்டா. ஓடிக்கிட்டே எனக்குப் போன் பண்ணினா. நான் ஆட்டோ பிடிச்சு, பெங்களூர் டிராஃபிக் தெரியும்தானே உங்களுக்கு, இறங்கி நடந்து, ஓடி, நான் போய்ச் சேர்றப்போ முகத்தைத் துடைச்சு, கையை நேரா எடுத்து வெச்சுட்டாங்க.

நசீமாவுக்கு அரை மணி நேரம் கிடைச்சிருக்கும்மா. எனக்கு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கிடைச்சுது.

அன்னிக்கே கேட்டேன், ஏதாவது சொன்னாளாம்மா? "நிம்மதியாப் போனாங்க சார்"ங்கறா. நான் அதைக் கேக்கல, ஏதாவது சொன்னாளா? "ஒண்ணும் சொல்லல சார்." அப்படிச் சொல்றப்போ கீழ பார்த்தா. நான் எத்தனை பேர் பொய்யைக் கேட்டிருக்கேன் சர்வீஸ்ல! பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவளை மறுபடி பிடிச்சேன். அழுதுட்டு, "அதைக் கேக்காதீங்க சார், நீங்க தாங்க மாட்டீங்க"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டா. பார்த்தீங்களா? ஏதோ இருக்கு! அதுக்கப்புறம் நான் போன் பண்ணினா எடுக்கறதில்ல.

எனக்கு நெஞ்சு கொதிக்குதும்மா. நான் தாங்க மாட்டேன்னு அவளா எப்படி முடிவு பண்ணலாம்? என் பெண்டாட்டி சொன்ன வார்த்தை, எனக்குச் சேர வேண்டியது. நல்லதோ கெட்டதோ, கேட்டு நான் அழுவேன், விழுவேன், அது என் பாடு. நடுவுல நின்னு மறிக்க அவ யாரு? இரக்கப்படறாளாம். யாருக்கு வேணும் அந்த இரக்கம்?

இன்னிக்குக் கோயம்புத்தூர்ல ஒரு பெண்கள் காலேஜ்ல அவ பேசறா. ஆவுடை நினைவாவாம். என்னைக் கூப்பிடல. பேப்பர்ல பார்த்தேன். அந்த இறங்கினதை வெச்சு ரெண்டு பேரும் போட்ட கணக்கைச் சொல்லப் போறாளாம். சொல்லட்டும். நான் பின்வரிசையில உக்காந்திருப்பேன். முடிஞ்சதும் போய் எதிர்ல நிப்பேன். காலேஜ் பிள்ளைகள் சுத்தி நிக்கறப்போ அவளால ஓட முடியாது.

ஆவுடை என்னைத் திட்டியிருந்தாக்கூட நசீமா சொல்லட்டும்மா. என்னைப் பார்க்கவே வேண்டாம், வரச் சொல்லாதேன்னு சொல்லியிருந்தாலும் சொல்லட்டும். இல்ல, தண்ணி கேட்டா, விளக்கை அணைக்கச் சொன்னா, அப்படி ஏதாவது ஒண்ணு. மூணு மாசமா வீட்டுல தட்டை எதிர்ல வெச்சுக்கிட்டு நான் ஒருத்தனா உக்காந்திருக்கேன். ரேடியோவைப் போட்டாலும் அந்த வீட்டுல சத்தம் இல்ல. அவ சொன்னதுல ஒரு வார்த்தை இருந்தாப் போதும், நான் அதை வெச்சுக்கிட்டுப் போயிடுவேன்.

பீளமேடு ஸ்டேஷன் தாண்டியாச்சு, கோயம்புத்தூர் வந்துடும், எழுந்திருங்கம்மா. பையை நான் பிடிச்சுக்கறேன், நீங்க முதல்ல இறங்குங்க. அந்தக் காலேஜுக்கு எந்தப் பக்கம் பஸ்னு உங்களுக்குத் தெரியுமா?